புற்றுநோய்க்கு வீட்டுல சாப்பிடற மாத்திரை: எப்படி எடுக்கறது, எதெல்லாம் பார்த்துக்கணும்

புற்றுநோய்னாலே கையில ஊசி குத்தி டிரிப் ஏத்துறதுதான்னு நம்ம வீடுகள்ல இன்னும் நினைச்சிட்டு இருக்காங்க, ஆனா இப்ப நுரையீரல், ரத்தம், கிட்னி, ஈரல், மார்புன்னு பல வகைக்கு டாக்டர் ஒரு டப்பா மாத்திரை எழுதிக் குடுத்து, வீட்டுல சாப்பிடுங்க, அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பிடறாங்க. நான் மலேசியாவுல பினாங்குல ஃபார்மசிஸ்ட், இந்த மாத்திரைங்கள கவுண்டர்ல எடுத்துக் குடுத்து விளக்கறதுதான் என் வேலை. வாங்கிட்டுப் போற குடும்பத்து முகத்துல ஒரு நிம்மதி தெரியும், மாத்திரைதானே, அப்ப பெருசா ஒண்ணும் இல்லன்னு. அந்த நிம்மதியப் பார்த்தாதான் எனக்கு பயம். டிரிப்புன்னா பக்கத்துல நர்ஸ் இருக்காங்க, மாத்திரைக்கு உங்க வீட்டு ஆளுங்கதான் நர்ஸ், எந்த நேரத்துல போடறீங்க, வயித்துல என்ன இருக்கு, கூட வேற என்னத்த முழுங்கறீங்கங்கறதுலதான் பாதி வைத்தியம் நடக்குது. டப்பாவுக்குள்ள வர்ற தாள் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு, அதனால கவுண்டர்ல வாயால சொல்றத இங்க எழுதி வைக்கறேன்.

நான் இங்க சொல்றது பேர் 'னிப்'னு முடியற மாத்திரைங்களப் பத்தி, மொதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்குங்க. உடம்புல ஒரு செல் தன் இஷ்டத்துக்கு பெருகாது, வளருன்னு வெளியில இருந்து ஒரு சிக்னல் வரணும். செல்லுக்கு மேல இருக்கற ரிசெப்டர் அத வாங்கி, உள்ள கைனேஸ்ங்கற புரோட்டீன்ங்க ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணு வாங்கி கடத்தி, நியூக்ளியஸ் வரைக்கும் கொண்டு போயிடும். சில கேன்சர்ல ஜீன் மாறிப்போனதால, காலிங் பெல் பட்டன் அமுங்கி மாட்டிக்கிட்டா வாசல்ல யாரும் இல்லாமலே அடிச்சிட்டு இருக்குமே அந்த மாதிரி, சிக்னல் நிக்காம போயிட்டே இருக்கும். கைனேஸ் வேலை செய்யணும்னா ஏடிபிங்கற மூலக்கூறு அதுல ஒரு பள்ளத்துல வந்து உக்காரணும், உங்க மாத்திரையில இருக்கற சின்ன மூலக்கூறு அந்த பள்ளத்த முன்னாடியே போய் அடைச்சிடும், சிக்னல் அங்கயே நின்னுடும். ஆனா நிறைய மாத்திரை அங்க நிரந்தரமா ஒட்டாது, ரத்தத்துல மருந்து குறைஞ்சா எந்திரிச்சு வந்துடும், அஃபாட்டினிப், ஓசிமெர்ட்டினிப் மாதிரி சிலது கெட்டியா ஒட்டிக்கும்னாலும் செல் புதுசு புதுசா கைனேஸ் செஞ்சுக்கிட்டே இருக்கும். தினமும் போடச் சொல்றது இதுக்குத்தான்.

இந்த வழியில வந்த முதல் பெரிய வெற்றி இமாட்டினிப், சிஎம்எல்ங்கற ரத்தப் புற்றுநோய்க்கு 2001ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. அந்த நோயில தெரியற ஒரு குட்டி குரோமோசோம பிலடெல்பியாவுல கண்டுபிடிச்சது 1960ல, அதுலேர்ந்து மாத்திரை வர்றதுக்கு 41 வருஷம் ஆச்சு. இமாட்டினிப்ல ஆரம்பிச்சவங்கள தொடர்ந்து பார்த்த ஆய்வுல 10 வருஷம் கழிச்சும் 100க்கு 83 பேர் உயிரோட இருந்தாங்க. அதுக்கு முன்னாடி அந்த நோய் வந்த குடும்பங்க பட்டத நினைச்சா இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும்.

மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டியது ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட். பக்கத்து வீட்டு அங்கிளுக்கு மாத்திரை குடுத்தாங்களே, எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் டிரிப்புன்னு கோவமா கேக்கறவங்க நிறைய, அதுக்கு பதில் அந்த ரிப்போர்ட்லதான் இருக்கு. நுரையீரல் புற்றுநோய்ல அடினோகார்சினோமாங்கற வகைன்னா, வளர்ச்சி சிக்னல வாங்கற ஒரு ரிசெப்டர செய்யற இஜிஎஃப்ஆர் ஜீன்ல எக்ஸான் 19 டெலிஷன் இல்லன்னா எல்858ஆர் மாற்றம் இருக்கான்னு பாப்பாங்க. கிழக்காசியாவுல இந்த வகைக்காரங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு இது இருக்கு, வெள்ளைக்காரங்கள்ல 100க்கு 10லேர்ந்து 15 பேருக்குத்தான், நம்ம இந்தியர்கள்ல சீனர்கள விட கம்மி, ஆனா டெஸ்ட் பண்ணாம யாருக்கும் சொல்ல முடியாது. மலேசியா உட்பட ஆசிய நாடுகள்ல 1,217 பேர வெச்சுப் பண்ணின ஐபாஸ் ஆய்வு 2009ல வந்துச்சு, ஜீன் மாற்றம் இருந்தவங்களுக்கு கெஃபிட்டினிப் மாத்திரை கீமோவ விட நல்லா நோய கட்டுப்படுத்துச்சு, மாற்றம் இல்லாதவங்களுக்கு அதே மாத்திரை கீமோவ விட மோசமா போச்சு. அதனால டாக்டர் டிரிப் சொன்னா வசதி இல்லாதவங்கன்னு ஓரங்கட்டறாங்கன்னு நினைச்சுக்காதீங்க, அவங்களுக்கு அதுதான் சரியான மருந்தா இருக்கும். ரிப்போர்ட்ட போன்ல போட்டோ புடிச்சு வெச்சுக்குங்க, வேற ஆஸ்பத்திரிக்கு போனா முதல்ல கேக்கப் போறது அதத்தான். கூடவே ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க, சிஎம்எல் மாத்திரைங்க பழைய ஹெபடைட்டிஸ் பிய திரும்ப எழுப்பி விட்டுடலாம். பிள்ளை பெத்துக்கற வயசுல இருக்கறவங்க, ஆம்பளையோ பொம்பளையோ, கர்ப்பம் தள்ளிப் போடறதப் பத்தி வெக்கப்படாம டாக்டர்கிட்ட பேசிடுங்க.

இப்ப வயிறு. அதிகமா தப்பு நடக்கறது இங்கதான். இமாட்டினிப்ப சாப்பாட்டோட, பெரிய கிளாஸ் நிறைய தண்ணியோட போடணும், இல்லன்னா வயித்தப் பிரட்டும். எர்லோட்டினிப், அஃபாட்டினிப், லபாட்டினிப், பசோபானிப், நிலோட்டினிப் எல்லாம் வெறும் வயிறு. கெஃபிட்டினிப், ஓசிமெர்ட்டினிப் ரெண்டும் சாப்பிட்டும் போடலாம் சாப்பிடாமலும் போடலாம். வெறும் வயிறுன்னா பச்சத்தண்ணி மட்டும்தான், காலையில தே தாரிக் ஒரு வாய் குடிச்சேன் அவ்ளோதான்னு சொல்றாங்க, அதுல இருக்கற கெட்டிப்பாலும் சாப்பாடுதான். நிலோட்டினிப்ல இது ரொம்ப முக்கியம், போடறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், போட்டப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, ஏன்னா சாப்பாடு சேர்ந்தா மருந்து ரத்தத்துல அளவுக்கு மேல ஏறி இதயத் துடிப்ப கெடுத்துடலாம். மத்த மாத்திரைக்கு எத்தனை மணி நேர இடைவெளின்னு உங்க ஃபார்மசி கவுண்டர்ல கேட்டு டப்பா மேலயே மார்க்கர்ல தமிழ்ல எழுதி வாங்கிக்குங்க, கேட்டா எழுதிக் குடுப்பாங்க.

நேரம் ஒண்ண முடிவு பண்ணிட்டா அப்புறம் மாத்தாதீங்க. நம்ம வீடுகள்ல முதல் மாத்திரைய ராகுகாலத்துல ஆரம்பிக்க மாட்டாங்க, சரி, முதல் நாள் ஒரு மணி நேரம் தள்ளி ஆரம்பிங்க, அதுல ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆனா ராகுகாலம் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நேரம், அதப் பார்த்து தினமும் மாத்திரைய முன்ன பின்ன நகட்டினா ரத்தத்துல மருந்து அளவு ஏறி இறங்கிட்டு இருக்கும். பட்டர்வொர்த்ல இருந்து வர்ற ஒரு அம்மா, புருஷனுக்கு இமாட்டினிப், வீட்டுல மாட்டியிருக்கற தமிழ் தினக் காலண்டர் தாள தினமும் ராத்திரி கிழிச்சு, பின்னாடி வெள்ளையில மாத்திரை போட்ட மணி, வாந்தி உண்டா, கண்ணு சுத்தி வீக்கம் உண்டா, எடை எவ்ளோன்னு பென்சில்ல எழுதி, மாசக் கடைசியில ரப்பர் பேண்ட் போட்டு கட்டா கொண்டு வருவாங்க. டாக்டர் அந்தக் கட்ட ஒவ்வொண்ணா புரட்டிப் பார்த்துட்டுதான் பேச ஆரம்பிப்பாரு. போன் ஆப்ப விட இது எனக்கு புடிச்சிருக்கு, ஏன்னா வீட்டுல யார் வேணாலும் எழுதலாம், பேட்டரி போகாது.

மாத்திரை மறந்து போச்சுன்னா அடுத்த வேளைக்கு ரெண்டா சேர்த்து போடவே கூடாது. ஞாபகம் வந்தப்ப அடுத்த வேளைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தா போடலாம், கெஃபிட்டினிப், ஓசிமெர்ட்டினிப் மாதிரி ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா 12 மணி நேரத்துக்கும் கம்மியா இருக்கறப்ப விட்டுட்டு அடுத்தத நேரத்துக்கு போடுங்க. போட்டுட்டு வாந்தி எடுத்துட்டா இன்னொண்ணு எடுத்துப் போட வேணாம். ஒரு நாள் ரெண்டு நாள் விட்டா என்னன்னு கேக்கறவங்களுக்கு லண்டன்ல சிஎம்எல்காரங்க 87 பேர் கிட்ட பண்ணின ஆய்வ சொல்லுவேன், 2010ல வந்தது. இமாட்டினிப்ப 100க்கு 90 பங்குக்கு மேல ஒழுங்கா போட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நோய் ரொம்ப ஆழமா அடங்கிச்சு, 90 பங்கோ அதுக்கு கீழயோ போட்டவங்கள்ல மூணுல ஒருத்தருக்குக் கூட அப்படி அடங்கல. கணக்கு போட்டுப் பாருங்க, மாசத்துல மூணு நாள் விட்டாலே 90 ஆயிடுது.

விரதம். தைப்பூசத்துக்கு ஒரு பொழுது இருக்கறவங்க, புரட்டாசி சனி இருக்கறவங்க எல்லாம் கேப்பாங்க, நானும் அத லேசா சொல்லித் தள்ள மாட்டேன், நோய் வந்த வீட்டுக்கு அந்த வேண்டுதல்தான் தெம்பு. சைவமா இருக்கறதுல எந்தப் பிரச்சனையும் இல்ல. இமாட்டினிப்ன்னா அந்த ஒரு பொழுது சாப்பாட்டு நேரத்தையே மாத்திரை நேரமா வெச்சுக்க முடியுமான்னு விரதம் ஆரம்பிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட பேசுங்க, தண்ணி கூட குடிக்காத விரதம் மட்டும் வேணாம், வயித்துப்போக்கு உள்ளவங்களுக்கு கிட்னி அடிவாங்கும். அலகு குத்தறத விட்டுடுங்க, இதுல சில மாத்திரைங்க வெள்ளை அணுவையும் பிளேட்லெட்டையும் குறைச்சுடும், காயம் ஆறாது, ரத்தம் நிக்காது. சோராஃபெனிப், சுனிட்டினிப் எடுக்கறவங்களுக்கு உள்ளங்கால் தோல் தடிச்சு கொப்புளிச்சு வெடிக்கும், வெயில்ல காய்ஞ்ச தார் ரோட்டுல வெறுங்காலோட தண்ணீர்மலை கோயிலுக்கு நடக்கறது அவங்களுக்கு ஆகவே ஆகாது. பால்குடத்த மகனோ மகளோ எடுக்கட்டும், நீங்க நிழல்ல இருந்து கும்பிடுங்க.

அடுத்து கூட முழுங்கற மத்த சாமான். இந்த மாத்திரைங்கள்ல நிறைய, ஈரல்ல இருக்கற சிஒய்பி3ஏ4ங்கற என்சைம் வழியாத்தான் உடைஞ்சு வெளிய போகும், அந்த என்சைம அடக்கற சாமான் சாப்பிட்டா மருந்து உடம்புல தேங்கிடும், தூண்டி விடறது சாப்பிட்டா மருந்து சீக்கிரமே காணாம போயிடும். கிரேப்ஃப்ரூட் அடக்கற வகை, அதே குடும்பம்தான் சீனப் பெருநாளுக்கு கடை கடையா தொங்கவிடற லிமாவ் பாலி, நம்ம பம்ளிமாஸ், ரெண்டையும் மாத்திரை நிறுத்தற வரைக்கும் ஒதுக்கிடுங்க. சாதா ஆரஞ்சு, பப்பாளி, வாழைப்பழம் தாராளமா சாப்பிடலாம். டிபி மருந்து ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்து ஃபெனிட்டாயின், கார்பமசெப்பின் இதெல்லாம் தூண்டற வகை, இதுல எதாவது ஏற்கனவே எடுத்தா டாக்டருக்கு தெரிஞ்சே ஆகணும். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின், ரத்தம் இளக வார்ஃபரின் எடுக்கறவங்களும் சொல்லிடுங்க. நம்ம ஆளுங்க எல்லார் வீட்டுலயும் இருக்கறது கேஸ்ட்ரிக் மருந்து, அத யாரும் மருந்து கணக்குல சேர்க்கறதே இல்ல, ஆனா கெஃபிட்டினிப், எர்லோட்டினிப், டசாட்டினிப் மூணும் கரையறதுக்கு வயித்துல அமிலம் வேணும், ஓமெப்ரசோல் போட்டு அமிலத்த அடக்கிட்டா மாத்திரை சரியா உள்ள போகாது. சிகரெட் புடிச்சா எர்லோட்டினிப் அளவு ரத்தத்துல இறங்கிடும், அதையும் மறைக்காம சொல்லுங்க.

இலை மருந்து பத்தி பேசாம இத முடிக்க முடியாது. சொந்தக்காரங்க வீட்டுக்கு வரும்போதே பெலாலை காஜா இலை ஒரு கட்டு கொண்டு வருவாங்க, அரைச்சு குடி, அவருக்கு கட்டி கரைஞ்சுடுச்சும்பாங்க, அன்போடதான் கொண்டு வர்றாங்க. ஆனா மாத்திரைக்கு பதிலா அது போதும்னு நம்பறதுக்கு ஆதாரம் கிடையாது, கூட சேர்த்து குடிச்சா ஈரல் டெஸ்ட் ஏறும்போது எதனால ஏறிச்சுன்னு டாக்டருக்கு கண்டுபிடிக்க முடியாம போயி, கடைசியில வேலை செஞ்சிட்டு இருந்த மாத்திரைய நிறுத்த வேண்டி வரும். சமையல்ல போடற மஞ்சள் பரவால்ல, மஞ்சள் சத்து காப்ஸ்யூல் வேற, அதனால ஈரல் வீங்கினவங்க பத்தி மருத்துவப் பதிவே இருக்கு. பாசார் மாலாம்ங்கற ராத்திரிச் சந்தையில விக்கற ஜாமு மூலிகை மருந்துல ஸ்டீராய்டு கலந்து இருந்ததா, மலேசியாவுல மருந்துகள கண்காணிக்கற அரசாங்க அமைப்பு என்பிஆர்ஏ பல தடவை எச்சரிக்கை விட்டிருக்காங்க. எது எடுத்தாலும், சீன வைத்தியர் சினிசே கடை மூலிகையோ ஊர்லேர்ந்து வந்த லேகியமோ, பாட்டிலோட பையில போட்டு கவுண்டருக்கு கொண்டு வாங்க, நாங்க திட்ட மாட்டோம், பேர் பார்த்து சொல்லுவோம்.

இஜிஎஃப்ஆர் மாத்திரைன்னா, அதாவது கெஃபிட்டினிப், எர்லோட்டினிப், அஃபாட்டினிப், ஓசிமெர்ட்டினிப் மாதிரி, முதல் ரெண்டு வாரத்துல முகம், நெஞ்சு, முதுகுல பரு மாதிரி வரும். பார்க்கத்தான் பரு, பருவுக்கு விக்கற கிரீம் போட்டா தோல் இன்னும் காய்ஞ்சு எரியும், மஞ்சளும் பயத்தமாவும் போட்டு தேய்க்கறதும் இப்ப வேணாம். வெதுவெதுப்பான தண்ணியில வாசனை இல்லாத சோப், துடைச்ச ஈரத்தோட மாய்ஸ்சரைசர், வெளிய போனா எஸ்பிஎஃப் 30க்கு மேல சன்ஸ்கிரீன், குடை. டாக்டர் டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் குடுத்தா அது வீக்கத்த அடக்கறதுக்கு, பயப்படாம போடுங்க. கொஞ்ச வாரம் கழிச்சு நகக்கண் ஓரம் சிவந்து வீங்கும், நகத்த ஒட்ட வெட்டாதீங்க, பாத்திரம் கழுவும்போது கையுறை போடுங்க, இறுக்கமான ஷூ வேணாம்.

வயித்துப்போக்கு அஃபாட்டினிப்ல ரொம்ப சாதாரணம். போக்க நிறுத்தற லோபெராமைடும், தண்ணியில கலக்கிக் குடிக்கற ஓஆர்எஸ் உப்புத்தூள் பாக்கெட்டும் மாத்திரை ஆரம்பிக்கற அன்னைக்கே வீட்டுல இருக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கு கடை தேட முடியாது. சம்பால், பால், எண்ணெய்ப் பண்டம் நிறுத்திட்டு கஞ்சி, வெள்ளைச் சோறு, வாழைப்பழம். வழக்கத்த விட ஒரு நாளைக்கு நாலு தடவை கூடிட்டாலோ, மருந்து போட்டும் மறுநாள் நிக்கலன்னாலோ போன் பண்ணிடுங்க. சோராஃபெனிப், சுனிட்டினிப், பசோபானிப், லென்வாட்டினிப் இந்த வகை ரத்த அழுத்தத்த ஏத்தும், வீட்டுல ஒரு பிரஷர் மெஷின் வாங்கி எழுதி வைங்க.

உடனே எமர்ஜென்சிக்கு போக வேண்டியது எதுன்னா, புதுசா மூச்சு வாங்கறது, வறட்டு இருமல், கூட காய்ச்சல். இஜிஎஃப்ஆர் மாத்திரை சில பேருக்கு நுரையீரலையே அழற்சியாக்கிடும், கொஞ்ச பேருக்குத்தான் வரும், ஆனா வந்தா உயிர் போற அளவுக்கு போகும். இங்க ஜெரேபு நேரத்துல ஊரே இருமும், அதனால புகைமூட்டம்தான் காரணம்னு வீட்டுலயே இருந்துடாதீங்க, மாடிப்படி ஏறும்போது நேத்துக்கு இன்னைக்கு மூச்சு அதிகமா வாங்குதான்னு பாருங்க, அப்படின்னா அன்னைக்கே கிளம்புங்க, மாத்திரை டப்பாவையும் கையோட எடுத்துக்கிட்டு. கண்ணு மஞ்சளாகறது, சிறுநீர் காப்பி நிறத்துல போறது, மயக்கம் போட்டு விழறது, நெஞ்சு படபடப்பு, 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், இதுக்கும் அப்பாய்ன்மெண்ட் தேதி பார்த்துட்டு இருக்காதீங்க.

காசு விஷயம் சுருக்கமா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எல்லா மாத்திரையும் எல்லாருக்கும் கிடைச்சிடாது, சிலதுக்கு கோட்டா இருக்கு. முடியலன்னா மெடிக்கல் சோஷியல் வொர்க் யூனிட்டுக்கு போங்க, தாபோங் பந்துவான் பெருபாத்தான்ங்கற அரசாங்க மருத்துவ உதவி நிதிக்கு அவங்க வழியா விண்ணப்பிக்கலாம், மருந்து கம்பெனிங்க நடத்தற உதவித் திட்டம் இருக்கான்னும் டாக்டர்கிட்ட கேளுங்க. கேன்சருக்கு, ஈபிஎஃப்னு சொல்ற கேடபிள்யூஎஸ்பி சேமநிதியில இருந்து பணம் எடுக்க வழி இருக்கு, வேலை செய்ய முடியாதவங்க பெர்கேசோங்கற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்போட இன்வாலிட் பென்ஷன் பத்தி விசாரிங்க. மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்டு இருந்தா வீட்டுல சாப்பிடற கேன்சர் மாத்திரைக்கும் பணம் கட்டுமான்னு ஏஜென்ட்கிட்ட எழுத்துல வாங்குங்க. வாட்சப்புல பாதி விலைக்கு வர்றத வாங்காதீங்க, டப்பாவுல எம்ஏஎல்ங்கற மருந்துப் பதிவு நம்பர் இருக்கணும், அத என்பிஆர்ஏ இணையதளத்துல தட்டிப் பார்க்கலாம். இந்தியா போறவங்க அங்க தங்கற நாளுக்கு மேல ஒரு வாரத்துக்கு மாத்திரை சேர்த்து, ஒரிஜினல் டப்பாவோட, டாக்டர் லெட்டரோட, கைப்பையில வெச்சுக்குங்க, பெட்டியில போட்டு பெட்டி தொலைஞ்சா மருந்தும் போச்சு.

கடைசியா ஒண்ணு, மாத்திரை நல்லா வேலை செஞ்சுட்டு இருந்து ஒரு நாள் ஸ்கேன்ல திரும்ப வளர்றது தெரியலாம். நீங்க எதையோ சாப்பிட்டதாலன்னு வீட்டுல ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லாதீங்க, மாத்திரைய ஒழுங்கா போட்டவங்களுக்கும் வரும், கேன்சர் செல் அந்த பள்ளத்தோட உருவத்தையே மாத்திக்கும். கெஃபிட்டினிப், எர்லோட்டினிப்ல இருந்தவங்கள்ல பாதிக்கும் மேல டி790எம்ங்கற மாற்றம் வரும், அதுக்குன்னே செஞ்சதுதான் ஓசிமெர்ட்டினிப். இப்ப முதல்லயே அதக் குடுக்கறதும் உண்டு, பழைய மாத்திரைங்கள்ல நடுவாந்திரமா 10 மாசம் நோய் அடங்கி இருந்துச்சுன்னா ஓசிமெர்ட்டினிப்ல 19 மாசம் கிட்ட இருந்துச்சு. அதனால திரும்ப வளருதுன்னு சொன்னா நீங்க கேக்க வேண்டிய கேள்வி, மறுபடி ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா, ரத்தத்துலயே பார்க்க முடியுமாங்கறது. டாக்டர் சொல்ற வரைக்கும் பழைய மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. சிஎம்எல்ல நோய் ரொம்ப ஆழமா அடங்கினவங்க சில பேருக்கு டாக்டரே நிறுத்திப் பார்ப்பாரு, அது கூட அடிக்கடி ரத்தம் எடுத்து பார்த்துக்கிட்டேதான்.

மருந்து மாத்தினப்புறம் மிச்சம் இருக்கற பழைய மாத்திரைய தெரிஞ்சவங்களுக்கு குடுத்துடாதீங்க, அவங்க ஜீன் வேற, அவங்க ஈரல் வேற. குப்பையிலயும் சிங்க்லயும் போட வேணாம், அப்படியே ஆஸ்பத்திரி ஃபார்மசிக்கு கொண்டு வந்து குடுங்க, வாங்கிக்குவோம்.